லிட்டரும் கிலோவும் ஒண்ணில்லை, தங்கச்சி!

மரக்காணம் வழியா கிழக்குக் கடற்கரைச் சாலையில போனியே, உப்பளத்துல நின்னு போட்டோ மட்டும்தானே எடுத்தே? பிள்ளைக்கு அடர்த்திக் கணக்கு வரலைன்னு புலம்புறே. அந்தப் பாடமே பாத்தியிலதான் கிடக்கு. உட்காரு, சொல்றேன்.

1. "ஒரு லிட்டர்னா ஒரு கிலோதானே"ன்னு வாய்க்கு வந்ததைச் சொல்லாதே. அது நல்ல தண்ணிக்கு மட்டும். 10 லிட்டர் குடத்துல கடல் தண்ணி மொண்டா சுமார் 10.25 கிலோ. உப்பு இறங்குற பதத்துக்கு வந்த பாத்தித் தண்ணின்னா 12 கிலோ. குடம் அதேதான், இடுப்புதான் வித்தியாசம் சொல்லும்.

2. லிட்டரை அடர்த்தியால பெருக்கு, கிலோ வரும். கிலோவை வகு, லிட்டர் வரும். எது எதுன்னு குழம்பினா கடலெண்ணெய் பாக்கெட்டைப் பாரு: 1 லிட்டர், 910 கிராம். தண்ணியில மிதக்கிற எண்ணெய் லிட்டருக்கு ஒரு கிலோவைத் தாண்டுச்சுன்னா, பெருக்க வேண்டிய இடத்துல வகுத்திருக்கே.

3. உப்பளத்துல அடர்த்தியை 'டிகிரி'யில சொல்லுவாங்க. கண்ணாடி மிதவையைத் தண்ணியில விடுவாங்க. தண்ணி கெட்டியாக ஆக அது மேலே எழும்பும். கடல் தண்ணி 3 டிகிரி சொச்சம். பத்துக் குடம் ஒரு குடமா வெயில்ல சுண்டினா 25 டிகிரி கிட்ட வரும், உப்பு இறங்கும். 30-ஐத் தொட விட்டா மக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும். அதுக்குள்ள தண்ணியை வடிச்சிடணும். இது போமே டிகிரி. பிள்ளை செல்சியஸ்னு எழுதிடப் போகுது, பார்த்துக்கோ!

4. எடையைக் கூட்டலாம், கொள்ளளவைக் கூட்டாதே. 1 லிட்டர் தண்ணியில 350 கிராம் உப்பைக் கரைச்சா எடை 1.35 கிலோ, சரி. ஆனா கொள்ளளவு 1.35 லிட்டர் இல்லை, 1.13 லிட்டர் கிட்டதான் நிக்கும். ஊறுகாய்க்கு உப்புத் தண்ணி கலக்க அண்டா தேடி ஓடாதே.

5. கல் உப்புக்குப் பதிலா அதே அளவு டம்ளர்ல தூள் உப்பைக் கொட்டுறவளை என்ன சொல்ல! கல்லுக்கு நடுவுல காத்து இருக்கு. தூள் நெருங்கி உட்காரும். தூள் உப்பு ஒரு டீஸ்பூனே 6 கிராம் வரும். தராசுல போடு, இல்லைன்னா கொஞ்சம் கொஞ்சமாப் போட்டு ருசி பாரு.

6. மீட்டருக்கு 100 சென்டிமீட்டர். கன மீட்டருக்கு 100 இல்லை, 10 லட்சம் கன சென்டிமீட்டர். பாதிப் பிள்ளைங்க மார்க்கைத் தொலைக்கிறது இங்கதான். 10 மீட்டருக்கு 10 மீட்டர் பாத்தி, 5 சென்டிமீட்டர் தண்ணின்னு வை. முதல்ல 5-ஐ 0.05 மீட்டர் ஆக்கு. 5 கன மீட்டர், அதாவது 5,000 லிட்டர். அடர்த்தி 1.2-ன்னா 6 டன்.

7. மழைக்காலத்துல மூட்டை உப்பு வாங்கினா கையை உள்ளே விட்டுப் பாரு. ஈரமா ஒட்டுச்சுன்னா, உப்பு விலைக்குத் தண்ணியையும் சேர்த்து வாங்குறே.