தண்ணீருக்குள் ஒரு பாட்டு

நுழையும்முன்

நீந்திக்கொண்டே பாட்டுக் கேட்க முடியுமா? முடியும். ஆனால் நிலத்தில் கேட்பது போல அன்று. நீருக்குள் ஒலி செல்லும் முறையே வேறு. அதற்கேற்பக் கருவியும் மாறவேண்டியிருக்கிறது. கேட்கும் வழியும் மாறிவிடுகிறது. அதனைப் பற்றியது இப்பாடம்.

புது தில்லியில் தால்கடோரா பூங்காவை அடுத்து ஒரு பெரிய நீச்சல் வளாகம் உள்ளது. 1982ஆம் ஆண்டின் ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்டது. அங்குள்ள போட்டிக் குளத்தின் நீளம் 50 மீட்டர். அதில் 1500 மீட்டர் நீந்த விரும்புபவர் கரைக்குக் கரை 30 முறை கடக்க வேண்டும். பள்ளிகளில் காணும் 25 மீட்டர்க் குளமாயின் 60 முறை.

சாலையில் ஓடுபவருக்கு வழியெங்கும் காட்சிகள் உண்டு. மரங்கள், கடைகள், குரைக்கும் நாய், எதிரே வரும் பால்காரர் என ஒன்றுபோனால் ஒன்று வந்துகொண்டிருக்கும். நீந்துபவருக்கோ குளத்தின் அடியில் வரைந்த ஒரு கருங்கோடு மட்டுமே துணை. கோடு முடியும் இடத்தில் சுவர். சுவரை உதைத்துத் திரும்பினால் மீண்டும் அதே கோடு. இப்போது முடிந்தது பதினேழா, பதினெட்டா என்ற ஐயம் வேறு. உடல் களைப்பதற்கு முன்னரே பலருக்கு உள்ளம் சலித்துவிடுகிறது.

சலிப்பூட்டும் வேலைக்குப் பாட்டைத் துணைசேர்ப்பது தமிழருக்குப் பழகிய வழிதான். மின்விசைப் பொறிகள் வருவதற்கு முன்பு, கிணற்றிலிருந்து வயலுக்கு நீர் இறைக்க ஏற்றம் என்னும் அமைப்பு இருந்தது. கிணற்றருகே நட்ட தூணின்மேல் நீண்ட மரம் ஒன்று துலாக்கோல் போலப் பொருத்தப்பட்டிருக்கும். ஒருவர் அம்மரத்தின்மேல் முன்னும் பின்னும் நடப்பார்; மற்றொருவர் கீழே நின்று நீர் நிறைந்த சாலைப் பிடித்து ஊற்றுவார். (இங்கே சால் என்பது நீர் முகக்கும் பெரிய கலம், வண்டி செல்லும் சாலையோடு குழப்பிக்கொள்ள வேண்டா.) விடியலில் தொடங்கும் அவ்வேலையில் பாட்டும் தொடங்கிவிடும். ஏற்றப்பாட்டு என்று அதற்குப் பெயர். அப்பாட்டின் அடிகளுக்குள்ளேயே எண்கள் வரிசையாக வரும். எத்தனை சால் இறைத்தாயிற்று என்பதைப் பாட்டே சொல்லிவிடும். களைப்பையும் ஆற்றி, கணக்கையும் காத்த பாட்டு அது.

நீச்சல் குளத்தில் வாய்திறந்து பாட இயலாது. ஆகவே பாட்டைக் கருவியில் கொண்டுசெல்ல மனிதன் முயன்றான். அம்முயற்சியில் இரண்டு தடைகள் எதிர்ப்பட்டன.

முதல் தடை, கருவிக்குள் நீர் புகுவது. கடைகளில் விற்கும் காதொலிக் கருவிகளின் பெட்டிமேல் நீர்த்துளிப் படம் அச்சிட்டிருப்பதைக் காணலாம். அப்படத்தை நம்பிக் குளத்தில் இறங்குவது பேதைமை. பார்க்கவேண்டியது படத்தையன்று, எண்ணை. ஐபிஎக்ஸ்4 என்றிருந்தால் தெறிக்கும் நீரை மட்டுமே அது தாங்கும்; வியர்வைக்கும் தூறலுக்கும் போதும். ஐபிஎக்ஸ்7 என்பது 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்குவதைக் குறிக்கும். ஐபிஎக்ஸ்8 அதனினும் கடுமையான நிலையைத் தாங்கும். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதை அதனைச் செய்த நிறுவனமே குறிப்பிட வேண்டும். இவ்வெண்கள் அசையாத நல்ல நீரில் செய்யும் சோதனையைக் கொண்டு தரப்படுபவை. நீந்துபவர் சுவரை உதைத்துப் பாயும்போது நீர் கருவியைத் தாக்கும் விசை வேறு. கடல்நீரின் உப்பு வேறு.

இரண்டாம் தடை பலரும் எதிர்பாராதது. கைப்பேசியைக் கரையில் வைத்துவிட்டு, புளூடூத் வழியே பாட்டுக் கேட்கலாம் என்று தோன்றும். தலை நீருக்கு வெளியே இருக்கும்வரை பாட்டு ஒலிக்கும். தலை மூழ்கிய மறுகணம் அறுந்துவிடும். கருவி பழுதன்று. புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அளவிலான வானொலி அலைகளைப் பயன்படுத்துகிறது. மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ இதே அலைகளைக் கொண்டுதான் உணவிலுள்ள நீரைச் சூடாக்குகிறது. அவ்வலைகளை நீர் உறிஞ்சிக்கொள்வதால் சில சென்டிமீட்டர் ஆழத்திலேயே அவை வலுவிழந்துவிடுகின்றன. எனவே நீச்சலுக்கான கருவிகள் பாடல்களைத் தமக்குள்ளேயே சேமித்து வைத்துக்கொள்கின்றன. 4 ஜிபி நினைவகத்தில் ஏறக்குறைய ஆயிரம் பாடல்கள் அடங்கும். விரும்பிய பாட்டை நினைத்த நொடியில் தேடிக் கேட்டுப் பழகிய இக்காலப் பிள்ளைகளுக்கு, குளத்தில் இறங்குமுன்பே பாடல்களைத் தேர்ந்து வைத்துக்கொள்வது புதிய பழக்கமாகவே இருக்கும்.

வானொலி அலையை விழுங்கும் நீர், ஒலி அலையை வரவேற்று விரைந்து அனுப்புகிறது. இதனை அளந்து காட்டிய நிகழ்ச்சி சுவையானது. 1826ஆம் ஆண்டில் கொலாடோன், ஸ்டூர்ம் என்னும் அறிஞர் இருவர் ஜெனீவா ஏரியில் ஓர் ஆய்வு செய்தனர். இரவு நேரம். ஒரு படகிலிருந்து நீருக்குள் ஒரு மணி தொங்கவிடப்பட்டது. மணி அடிக்கப்பட்ட அதே கணத்தில் படகின்மேல் வெடிமருந்து பளிச்சென எரியும்படி செய்திருந்தனர். 13 கிலோமீட்டருக்கும் அப்பால் மற்றொரு படகில் கொலாடோன், நீண்ட குழாய் ஒன்றின் அகன்ற வாயை நீருக்குள் அமிழ்த்தி, மறுமுனையில் காதை வைத்துக் காத்திருந்தார். ஒளியைக் கண்டதும் கடிகையை ஓடவிட்டு, மணியோசை கேட்டதும் நிறுத்தினார். 8 பாகை செல்சியசில் நீரில் ஒலியின் வேகம் நொடிக்கு 1435 மீட்டர் என்று அவர்கள் கணக்கிட்டனர். காற்றில் அது ஏறத்தாழ 340 மீட்டர்தான். இன்று நம்மிடம் உள்ள நுண்கருவிகளும் அவர்கள் கண்ட அளவுக்கு மிக நெருங்கிய விடையையே தருகின்றன.

அப்படியானால் நீருக்குள் நாம் தெளிவாகக் கேட்க வேண்டுமே? அங்கேதான் நம் செவியின் இயல்பு குறுக்கிடுகிறது. செவிப்பறை காற்றின் மெல்லிய அதிர்வுக்கென அமைந்தது. நீருக்குள் அதன் வேலை பெரிதும் தடைப்படுகிறது. ஆனால் நமது தலையின் தசையும் எலும்பும் அடர்த்தியில் காற்றைவிட நீரோடு நெருங்கியவை. ஆதலால் நீரில் வரும் ஒலி காதின் வாயிலைத் தேடாமல் மண்டையோட்டின் வழியாகவே உட்செவியை அடைகிறது.

எலும்பு வழியே கேட்பதை அறிய நீச்சல் குளம் தேவையில்லை. இரு காதுகளையும் விரலால் அடைத்துக்கொண்டு மெல்ல முணுமுணுத்துப் பாருங்கள். உங்கள் குரல் தலைக்குள்ளிருந்தே பெரிதாக எழுவது போலத் தோன்றும்.

நீச்சலுக்கான கருவிகளுள் பல இந்த வழியைப் பின்பற்றுகின்றன. நீச்சல் கண்ணாடியின் பட்டையிலோ காதின் முன்புறத்திலோ பொருந்தி, கன்னத்து எலும்பை அவை அதிரச் செய்கின்றன. காதுத் துளை திறந்தே இருக்கிறது. காதை அடைப்பானால் மூடினால் பாட்டு இன்னும் உரக்கக் கேட்கும் என்பது விந்தை போலத் தோன்றலாம். முணுமுணுத்துப் பார்த்தவருக்கு அதில் வியப்பில்லை.

கருவியே அணியாமல் நீருக்குள் இசை கேட்பவர்களும் உண்டு. இசைக்கேற்ப நீரில் ஆடும் கலை நீச்சல் 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. அப்போட்டியில் ஆடுபவர்கள் தலைகீழாக மூழ்கி, கால்கள் மட்டும் வெளியே தெரிய ஆடும்போதும் தாளம் தவறுவதில்லை. குளத்துக்குள்ளேயே ஒலிபெருக்கி வைக்கப்பட்டிருப்பதே காரணம்.

விரைவு நீச்சல் போட்டியில் நிலைமை வேறு. 28 ஒலிம்பிக் பதக்கங்கள் வென்ற மைக்கேல் ஃபெல்ப்ஸ் காதில் இசையோடு குளத்தை நோக்கி நடந்து வருவதை உலகமே தொலைக்காட்சியில் கண்டிருக்கிறது. ஆயினும் பாய்வதற்கு முன் அதனைக் கழற்றிவிடுவார். வேகத்துக்கு உதவும் கருவியையோ, கைவீச்சின் கதியை வகுத்துக் கொடுக்கும் கருவியையோ போட்டியில் பயன்படுத்த விதிகள் இடந்தருவதில்லை. தாளம் கைவீச்சை இழுத்துச் செல்லும் என்பதை விதி வகுத்தவர்களும் அறிவர் போலும்.

பயிற்சியில் அத்தடை இல்லை. ஆனால் அங்கே வேறொரு கேள்வி எழுகிறது. காற்றில் எழும் ஒலி நீரின் மேற்பரப்பில் பட்டதும் பெரும்பாலும் திரும்பிவிடும். ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு ஆற்றலே உள்ளே நுழையும். எனவே கரையில் நிற்கும் உயிர்காப்பாளரின் ஊதல், நீந்துபவர் மூச்செடுக்கத் தலை திருப்பும் அந்த ஒரு நொடியில்தான் அவருக்கு நன்கு கேட்கும். அந்நொடியையும் பாட்டு எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? திறந்தவெளிக் குளத்தில் இடி முழங்கத் தொடங்கியதும் எல்லாரையும் வெளியேறச் சொல்லி ஊதல் ஒலிக்கிறது. பிறர் ஏறிவிடுகின்றனர். ஒருவர் மட்டும் பாட்டில் ஆழ்ந்து கருங்கோட்டைத் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கிறார். அவரை நிறுத்த யாரேனும் அவருடைய தடத்தின் முனையில் சென்று காத்திருக்க வேண்டும்.

ஆதலால் நீச்சல் கற்கும் நிலையில் உள்ளவர்க்கு இக்கருவி ஆகாது. கற்றுத் தேர்ந்தவரும் பயிற்றுநரிடம் சொல்லிவிட்டு, தமக்கெனத் தனித் தடம் கிடைக்கும்போது, ஒலியைக் குறைத்து வைத்துக் கேட்பதே தக்கது. காதில் வலியோ கசிவோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் அடைப்பான் பயன்படுத்தக் கூடாது. நீந்தி முடித்ததும் கருவியை நல்ல நீரில் அலசி, ஈரம் உலர்ந்த பின்னரே மின்னேற்றம் செய்ய வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. கருவியை அணிந்தவர் கேளாமல் விடுவது ஊதலை மட்டுமன்று. கை நீரில் சரியாக நுழைந்தால் ஓசை மெல்லியதாக இருக்கும். தட்டையாக விழுந்தால் 'பளார்' என்று அறையும். மூச்சை ஒழுங்காக விடுபவரின் குமிழிகள் சீராகக் குமிறும். திணறுபவரின் குமிழிகள் விட்டுவிட்டு வெடிக்கும். கடைசி நான்கு முறை கடக்கும்போது பாட்டை நிறுத்திவிட்டால் இவையெல்லாம் மீண்டும் கேட்கத் தொடங்கும். எத்தனையாவது முறை என்ற எண்ணிக்கையும் அப்போது மறுபடி நீந்துபவரின் பொறுப்பாகிவிடும்.

பயிற்சி

1. நீருக்குள் புளூடூத் வழியே பாட்டுக் கேட்க இயலாதது ஏன்? இரண்டு தொடர்களில் விடை எழுதுக.

2. கொலாடோன் ஒலியைக் கேட்பதற்கு முன் ஒளியைக் கண்டது எதற்காகத் தேவைப்பட்டது?

3. சால், சாலை, துலா, ஊதல் ஆகிய சொற்களைச் சொந்தத் தொடர்களில் அமைத்து எழுதுக. 'சாலை' என்னும் சொல்லை இரு பொருளிலும் பயன்படுத்துக.

4. ஏற்றப்பாட்டு, கருவியில் கேட்கும் பாட்டு: நீந்துபவருக்கு இவற்றுள் எது மிகுதியும் பயன்படும்? உமது கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

5. ஊரிலுள்ள தாத்தா, பாட்டியிடம் தொலைபேசியில் பேசி, வேலை செய்யும்போது அவர்கள் பாடிய அல்லது கேட்ட பாட்டு ஒன்றைக் கேட்டறிக. அது எந்த வேலைக்கான பாட்டு என்பதையும் எழுதி வருக.