கோடு, வட்டம், புள்ளி: பிள்ளைகளின் தன்மதிப்பீட்டிலிருந்து சிறுகுழுக்கள்

"விளங்கிட்டா?" என்று கேட்டால் சங்கரன்கோவில் வட்டார வகுப்பறைகளில் ஒரே குரலாக வரும் பதில், "விளங்கிட்டு டீச்சர்!" பாடவேளை முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது கேட்டால் குரல் இன்னும் ஓங்கும். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு மறுநாள் யாருக்கு என்ன உதவி செய்வது என்று முடிவெடுக்க முடியாது. ஆனால் தனக்கு எது வருகிறது, எது வரவில்லை என்பதைப் பற்றி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கணிப்பு இருக்கிறது. அதை வெளியே கொண்டுவந்து, அதிலிருந்து சிறுகுழு அமைக்கும் முறையை ஆறாம் வகுப்புக் கணக்கில் பின்பற்றி வருகிறேன்.

குழுவாகக் கற்பிப்பது நமக்குப் புதிதல்ல. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலில் ஏணிப்படிகளும் அட்டைகளும் இருந்தன. தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதைப் பிள்ளையே பார்த்துக்கொள்ளலாம். 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்ற பிரிவுகள். இவை குழந்தையின் நிலையைச் சொல்கின்றன. பின்னம் நடத்தும்போது எனக்கு அதற்கு மேலும் ஒரு செய்தி தேவைப்படுகிறது: எந்த அடியில் கால் இடறுகிறது?

பாடவேளையின் கடைசி ஏழு நிமிடம் இதற்கு. மூன்றாம் பருவத்தில் பின்னங்கள் பாடத்தின்போது கரும்பலகையில் மூன்றே கேள்விகள் எழுதினேன். 1/3, 1/4 இவற்றில் பெரியது எது? 2/7 + 3/7 எவ்வளவு? 1/2 + 1/4 எவ்வளவு? அரைத்தாளில் விடை எழுதி, ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் ஒரு குறியிட வேண்டும். இன்னொருவருக்குச் சொல்லித்தர முடியும் என்றால் கோடு. பாதி வழியில் நிற்கிறேன் என்றால் வட்டம். எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை என்றால் புள்ளி. வட்டமோ புள்ளியோ இட்டவர்கள் எந்த இடத்தில் நின்றுபோனார்கள் என்று ஒரு வரி எழுத வேண்டும். "கீழ இருக்கிற நம்பர் வேற வேறயா இருக்கு" என்று ஒருவன் எழுதினான். அந்த ஒரு வரி எனக்கு அரை மணி நேர வேலையை மிச்சப்படுத்தியது.

தாள்களைத் திருத்தும்போது விடையை மட்டும் பார்ப்பதில்லை. குறியையும் சேர்த்துப் பார்க்கிறேன். விடை சரி, குறி கோடு என்றால் கவலையில்லை. விடை தவறு, குறி புள்ளி என்றால் அந்தப் பிள்ளைக்குத் தன் நிலை தெரிந்திருக்கிறது, முதலிலிருந்து தொடங்கலாம். விடையும் குறியும் ஒன்றுக்கொன்று முரண்படும் தாள்கள்தான் நம் கவனத்தை அதிகம் கேட்பவை.

1/2 + 1/4 = 2/6 என்று எழுதி, தைரியமாகக் கோடும் இட்டவர்கள் ஐந்து பேர். இவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல முடியாது. மேலே இருப்பதை மேலே, கீழே இருப்பதைக் கீழே கூட்டு என்று ஒரு விதியை அவர்களே உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். மீண்டும் மீ.பொ.ம. சொல்லிக் கொடுத்தால் தலையாட்டிவிட்டு அந்த விதிக்கே திரும்பிவிடுவார்கள். எனவே நூல் எடுத்துக்கொண்டேன். எங்கள் ஊர் பூ மார்க்கெட்டுக்குப் பெயர் பெற்றது. அரை முழம், கால் முழம் அறியாத பிள்ளை இங்கே இல்லை. அரை முழ நூலோடு கால் முழ நூலை முடிந்து நீட்டிப் பிடிக்கச் சொன்னேன். பிறகு 2/6 என்பது எவ்வளவு என்று கேட்டேன். சுருக்கினார்கள்: 1/3. ஒரு முழத்தை மூன்றாக மடித்துப் பார்த்தால் அது அரை முழத்தைவிடச் சிறியது. "அரை முழம் பூவோட கால் முழம் சேர்த்தா, இருந்ததும் குறைஞ்சா போகும்?" என்று அவர்களுக்குள்ளேயே பேச்சு கிளம்பியது. பொதுப் பகுதி எதற்கு என்ற கேள்வி அதன் பிறகுதான் அவர்களிடமிருந்து வந்தது. பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று.

எதிர்ப்பக்க முரண் இதைவிட நுட்பமானது. மூன்று விடைகளும் சரி, மூன்றுக்கும் புள்ளி. ஒரு மாணவி ஒவ்வொரு வாரமும் அப்படியே செய்தாள். தனியே கேட்டதற்கு, "தெரியும்னு போட்டுத் தப்பாயிட்டா எல்லாரும் சிரிப்பாங்கல்லா டீச்சர்" என்றாள். அவளைக் குறைதீர் கற்பித்தல் குழுவில் உட்கார வைத்தால் தனக்கு ஒன்றும் வராது என்பதை நாமே உறுதிசெய்து கொடுத்ததாகிவிடும். அவளுக்கு வேண்டியது விளக்கம் அல்ல, விளக்கும் வாய்ப்பு. ஒரே ஒரு தோழிக்கு ஒரே ஒரு கணக்கைச் சொல்லித்தரச் சொன்னேன். இப்போது பெரும்பாலும் வட்டம் இடுகிறாள், கோடு எப்போதாவது.

இதனால் சில கட்டுப்பாடுகளில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். குறிகளுக்கு மதிப்பெண் கிடையாது. வளரறி மதிப்பீட்டுப் பதிவிலும் அவை ஏறாது. தாளை யாரும் பக்கத்து இருக்கைக்காரரிடம் கொடுத்துத் திருத்தச் சொல்வதில்லை. குழுவுக்குப் பெயரும் கிடையாது. "இன்று இந்த ஐந்து பேர் என்னோடு" என்று மட்டும் அழைக்கிறேன். ஐயம் தீர்ந்த அன்றே குழு கலைந்துவிடும். அடுத்த பாடத்தில் வேறு ஐந்து பேர் இருப்பார்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளையும் ஏதோ ஒரு நாள் அந்தப் பாயில் வந்து உட்காருவதால், அங்கே உட்காருவது கௌரவக் குறைவாகத் தெரிவதில்லை.

நான் ஐவரோடு இருக்கும்போது மற்றவர்கள்? சக ஆசிரியர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான், நியாயமான கேள்வியும்கூட. பாடநூலின் "இவற்றை முயல்க" கணக்குகளை இருவர் இருவராகச் செய்கிறார்கள். சத்தம் இருக்கத்தான் செய்யும். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் இதை நான் வைத்துக்கொள்வதில்லை.

1998-இல் பால் பிளாக், டிலன் வில்லியம் என்ற இரு கல்வியாளர்கள் வகுப்பறை மதிப்பீட்டு ஆய்வுகளைத் தொகுத்தபோது, எதை அடைய வேண்டும் என்ற தெளிவு இருந்தால்தான் பிள்ளைகளால் தம்மை மதிப்பிட முடியும் என்று வலியுறுத்தினார்கள். நடைமுறையிலும் அப்படித்தான். "பின்னம் தெரியுமா?" என்று கேட்டால் குறிகள் பொய் சொல்லும், "இந்தக் கணக்கு?" என்று கேட்டால் பெரும்பாலும் உண்மை வரும்.

உயர்நிலை வகுப்புகளில் இதையே விடைத்தாள் கொடுக்கும் நாளில் செய்யலாம். இழந்த ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பக்கத்தில், தெரியவில்லை, கேள்வியைத் தவறாகப் படித்தேன், நேரம் போதவில்லை என்ற மூன்றில் ஒன்றை மாணவரே எழுதட்டும். மூன்றுக்கும் மூன்று விதமான குழு தேவை. முதலாவதற்கு மட்டுமே பாடத்தை மீண்டும் நடத்த வேண்டியிருக்கும். தொடக்க வகுப்புகளில் குறிகள்கூட வேண்டாம். ஒரு பத்தியைப் படித்து முடித்ததும், நாக்கு தடுக்கிய சொற்களுக்கு அடியில் பிள்ளையே பென்சிலால் கோடு போடட்டும். மெய்ம்மயக்கச் சொற்களில் நின்றவர்கள் ஒரு பக்கம், ண-ன, ல-ழ-ள மாறியவர்கள் ஒரு பக்கம் என்று மறுநாள் காலைக் குழுக்களை அந்தக் கோடுகளே பிரித்துத் தந்துவிடும்.