குதிநாண் வலி: ஓய்வு போதாது, பயிற்சி வேண்டும்

ஆடி மாதம் வந்தால் படவேடு ரேணுகாம்பாள் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் உட்கார நேரம் கிடைப்பதில்லை. வாழைத்தார் ஏற்றும் நாளில் மண்டியிலும் அதே நிலைதான். பருவம் முடிந்ததும் நம்மில் சிலருக்குக் குதிகாலின் பின்புறம், சற்று மேலே, வலி தங்கிவிடுகிறது. "நரம்பு பிடித்துக்கொண்டது" என்கிறோம்.

அது நரம்பு அன்று. கெண்டைக்கால் சதையைக் குதி எலும்போடு இணைக்கும் நாண். பழக்கமில்லாத சுமை திடீரென ஏறும்போது அது நைந்து வலிக்கிறது.

வலிக்கிறதே என்று முழு ஓய்வு எடுத்தால் வலி தணியும். நாணின் பலமும் குறையும். கடைக்குத் திரும்பினால் வலியும் திரும்பும். ஸ்டீராய்டு ஊசியும் நிலையான தீர்வன்று. முழங்கை நாண் வலி கொண்ட 198 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், ஊசியால் முதலில் குணம் கண்டவர்களில் 72 விழுக்காட்டினருக்கு வலி திரும்பியது.

சுவீடன் மருத்துவர் ஆல்ஃப்ரெட்சன் 1998-இல் வேறு வழி காட்டினார். நாட்பட்ட குதிநாண் வலியால் ஓட முடியாதிருந்த 15 பேருக்கு 12 வாரம் பயிற்சி தந்தார். பதினைந்து பேரும் மீண்டும் ஓடினார்கள். எல்லோருக்கும் இதே பலன் கிடைக்கும் என்பதில்லை. ஆயினும் இன்று மருத்துவர்கள் முதலில் சொல்வது பயிற்சியைத்தான்.

செய்முறை:

1. சுவரைப் பிடித்துக்கொண்டு, படி விளிம்பில் முன்பாதங்களை ஊன்றி, இரு காலாலும் எம்பி நிற்கவும்.

2. பாரத்தை வலிக்கும் காலுக்கு மாற்றி, குதிகாலை மெதுவாகப் படிக்குக் கீழே இறக்கவும். மறுபடி எம்புவதற்கு நல்ல காலை உபயோகிக்கவும்.

3. முழங்கால் நேராக 15 தடவை வீதம் 3 சுற்று. சற்று மடக்கி 3 சுற்று. காலை, மாலை இரு வேளையும்.

4. தாங்கக்கூடிய வலி இருந்தால் நிறுத்த வேண்டாம். வலி நின்றபின் தோள்பையில் சிறிது எடை சேர்க்கவும்.

குதி எலும்பை ஒட்டியே வலி இருந்தால் படி வேண்டாம். சமதரையில் செய்வதே நலம். 'படக்' என்று அறுந்ததுபோல் இருந்தாலோ, வீக்கத்துடன் காய்ச்சல் கண்டாலோ பயிற்சியை விட்டு உடனே மருத்துவரிடம் செல்லவும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்கவும்.

இதற்குச் செலவில்லை, கடை வாசற்படியே போதும். வேண்டியது பொறுமை. சித்திரை முதல் வாரம் தொடங்கினால் ஆடி பிறப்பதற்குள் 12 வாரம் நிறைந்துவிடும்.