களமும் வாயிலும்

சென்னை மாநகரின் வடபால், இராயபுரத்தில் தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரையில், கடலை ஒட்டி நீண்டு கிடப்பது ஒரு தொழில் நிலம். 1856ஆம் ஆண்டு தென்னிந்தியாவின் முதற் புகைவண்டி புறப்பட்டது இராயபுரத்திலிருந்தேயாம். துறைமுகமும், மீன்பிடி துறையும், ஊர்தித் தொழிற்சாலையும், அனல் மின் நிலையமும் இந்நிலத்தை உழைப்பாளரின் உறைவிடமாக்கின. மாலைப் பொழுதில் இங்குச் சிறுவர் ஆடாத திடல் இல்லை; திடல் இல்லாத இடத்தில் தெருவே திடலாகும். ஆயினும், “இப்பகுதிப் பிள்ளைகள் முரடர்கள்; ஒழுங்குக்கு உட்படார்” என்று, நேரிற் கண்டறியாமலே கூறுவாரும் உளர். ஒருவன் பிறந்த இடத்தையும் உடலின் நிறத்தையும் கொண்டு அவன் திறத்தை அளக்கும் இப்பிழை, ஓர் ஊர்க்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டில், நம் வடசென்னை போன்ற உழைப்பாளர் ஊர்களிற் பிறந்த இளைஞர் எழுவர், ஒரு கல்லூரியின் கூடைப்பந்து அணியிற் சேர்ந்து, ஒரே ஆட்டப் பருவத்தில் இப்பிழையைப் பலரறியக் காட்டினர். அவர்தம் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

கூடைப்பந்து பழங்காலத்து ஆட்டம் அன்று. ஓர் ஆசிரியரால் ஆக்கப்பெற்றது. 1891ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், ஸ்பிரிங்பீல்டு என்னும் அமெரிக்க நகரில், குளிர்காலத்தில் வெளியிற் சென்று ஆட இயலாத மாணவர்க்கென, ஜேம்ஸ் நெய்ஸ்மித்து என்பார் இதனை வகுத்தார். பீச்சுப் பழக் கூடைகள் இரண்டை உடற்பயிற்சிக் கூடத்தின் மாடத்தில் பத்தடி உயரத்தில் பொருத்தி, அவற்றுள் பந்தை எறியச் செய்தார். பதின்மூன்று விதிகளையும் எழுதினார். கூடை போய் இரும்பு வளையம் வந்த பின்னும் அப்பத்தடி உயரம் மாறவில்லை. அதே ஸ்பிரிங்பீல்டுக் கல்லூரியிற் பயின்ற ஹாரி குரோ பக் என்பார், 1920ஆம் ஆண்டு சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். அங்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இவ்வாட்டத்தைத் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு எடுத்துச் சென்றனர்.

இவ்வாட்டத்தின் விதிகள் நடுநிலை உடையன. வளையம் எல்லார்க்கும் ஒரே உயரத்தில் நிற்கும். எல்லைக்கோடு எல்லார்க்கும் ஒன்றே. எறிந்தவன் யார் மகன் என்று பந்து வினவுவதில்லை. ஆயின், களத்தினுள் இருந்த நடுநிலை களத்தின் வாயிலில் இல்லை. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வெள்ளையர்க்கும் கறுப்பினத்தார்க்கும் பள்ளி வேறு. பேருந்தில் இருக்கை வேறு. பள்ளிகளில் இங்ஙனம் பிரித்து வைத்தல் அரசியலமைப்புக்கு முரணானது என்று 1954ஆம் ஆண்டு அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1964ஆம் ஆண்டு குடிமை உரிமைச் சட்டமும் இயற்றப்பெற்றது. எனினும், சட்டம் விரைந்து மாறியபோதும் பழக்கம் மெல்லவே மாறிற்று. தென்னாட்டுக் கல்லூரிகள் பல கறுப்பின மாணவரைத் தம் அணியிற் சேர்க்கவில்லை. சேர்த்துக்கொண்ட கல்லூரிகள் பலவற்றிலும், ஒரே நேரத்தில் இத்தனை பேர்க்கு மேல் களத்தில் நிறுத்துதல் ஆகாது என்னும் எழுதாத வரம்பு ஒன்று இருந்தது.

டெக்சாஸ் மாநிலத்தின் மேற்குக் கோடியில், மெக்சிகோ எல்லையை ஒட்டி, ரியோ கிராண்டு ஆற்றங்கரையில் அமைந்தது எல் பாசோ நகரம். செம்பு உருக்கும் ஆலையும் இருப்புப்பாதைகளும் அந்நகரை வளர்த்தன. அங்கிருந்த டெக்சாஸ் வெஸ்டர்ன் கல்லூரி, 1914ஆம் ஆண்டு சுரங்கத் தொழில் கற்பிக்கும் பள்ளியாகத் தொடங்கியது. ஆதலின், அதன் விளையாட்டு அணிக்குச் ‘சுரங்கத் தொழிலாளர்’ என்பதே பெயராயிற்று. அக்கல்லூரி 1955ஆம் ஆண்டிலேயே கறுப்பின மாணவர்க்கு வாயிலைத் திறந்தது. 1961ஆம் ஆண்டு டான் ஹாஸ்கின்ஸ் என்பார் அதன் கூடைப்பந்துப் பயிற்சியாளராக வந்தார். சிற்றூர்ப் பள்ளிகளிற் பயிற்சியளித்து வந்த அவர், இங்கு முதலில் தம் குடும்பத்தோடு மாணவர் விடுதியிலேயே தங்கினார். பயிற்சியில் அவர் மிகக் கண்டிப்பானவர். பந்தை எறிந்து புள்ளி பெறுவதினும், எதிரியைப் புள்ளி பெறவிடாது தடுப்பதே முதற்கடன் என்பது அவர் கொள்கை.

1965ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய பருவத்தில் அவர் அணியில் பன்னிருவர் இருந்தனர். அவருள் எழுவர் கறுப்பினத்தவர். பாபி ஜோ ஹில் ஊர்தித் தொழிலுக்குப் பேர்போன டெட்ராய்ட்டுப் பகுதியிலிருந்து வந்தவர். ஆர்ஸ்டன் ஆர்ட்டிஸ், ஹாரி ஃபிளர்னாய் ஆகிய இருவரும் எஃகு ஆலைகள் நிறைந்த கேரி நகரத்தினர். வில்லி வொர்ஸ்லி, நெவில் ஷெட், வில்லி கேஜர் ஆகிய மூவரும் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியினர். டேவிட் லாட்டின் துறைமுக நகராகிய ஹூஸ்டனிலிருந்து வந்தவர். எஞ்சிய ஐவருள் நால்வர் வெள்ளையர். ஒருவர் மெக்சிக வழியினர். பன்னிருவரும் ஒரே களத்தில், ஒரே கண்டிப்பின் கீழ்ப் பயின்றனர்.

பருவம் தொடங்கியபோது இவ்வணியைப் பெரிதாக மதித்தவர் சிலரே. ஆயின், அது தொடர்ந்து 23 ஆட்டங்களை வென்றது. 1966ஆம் ஆண்டு மார்ச்சு 5ஆம் நாள் சியாட்டில் அணியிடம் 72-க்கு 74 என்னும் கணக்கில் முதன்முறையாகத் தோற்றது. அஃதே அப்பருவத்தின் இறுதித் தோல்வியும் ஆயிற்று. இரண்டு நாள் கழித்து, தேசியக் கல்லூரிப் போட்டியின் முதற் சுற்றில் ஓக்லஹோமா நகர அணியை 89-74 என வென்றது. ஒரு தோல்வியால் ஊக்கம் குன்றாதவர்க்கே அடுத்த வெற்றி உரியது என்பதை இவ்விரண்டு நாள் காட்டுகின்றது.

அடுத்து வந்த ஆட்டங்கள் எளியன அல்ல. சின்சினாட்டி அணியை வெல்லக் கூடுதல் நேரம் ஒன்று வேண்டியிருந்தது. கான்சாஸ் அணியோடு பொருதபோது கூடுதல் நேரம் இருமுறை தரப்பட்டது. அவற்றுள் முதலாவது முடியும் நொடியில், கான்சாஸ் வீரர் ஒருவர் தொலைவிலிருந்து எறிந்த பந்து வளையத்துள் வீழ்ந்தது. அது செல்லுமாயின் டெக்சாஸ் வெஸ்டர்ன் அணியின் பயணம் அங்கேயே முடிந்திருக்கும். ஆயின், எறிந்தவரின் கால் எல்லைக்கோட்டை மிதித்திருந்ததை நடுவர் கண்டார். அப்புள்ளி செல்லாது என்றார். பின்னர் 81-80 என்னும் கணக்கில், ஒரே ஒரு புள்ளியால் வெற்றி வாய்த்தது. அரையிறுதியில் யூட்டா அணியின் ஜெர்ரி சேம்பர்ஸ் 38 புள்ளிகள் எடுத்து அச்சுறுத்தினார். அவரைத் தடுக்கும் பொறுப்பைப் பின்னர் ஏற்று ஆட்டத்தைக் காத்தவர், டெக்சாஸ் வெஸ்டர்ன் அணியின் வெள்ளை வீரராகிய ஜெர்ரி ஆர்ம்ஸ்ட்ராங் ஆவார். அணி 85-78 என வென்றது. நிறம் பாராது கூடிய அணிக்கு நிறம் பாராத உதவியே கிடைத்தது.

இறுதி ஆட்டம் மார்ச்சு 19ஆம் நாள் மேரிலாந்து மாநிலத்தில் நடைபெற்றது. எதிரே நின்றது நாட்டின் முதலிடத்தில் மதிக்கப்பெற்ற கென்டக்கிப் பல்கலைக்கழக அணி. அதன் பயிற்சியாளர் அடால்ஃப் ரப், நான்கு முறை தேசிய வெற்றி கண்டவர். அவ்வணியில் வெள்ளையரன்றிப் பிறர் ஒருவரும் இலர். ஹாஸ்கின்ஸ் தொடக்கத்தில் களமிறக்கிய ஐவரும் கறுப்பினத்தவர். தேசியக் கல்லூரி இறுதி ஆட்டத்தில் அதற்கு முன் எவ்வணியும் அங்ஙனம் செய்ததில்லை. கென்டக்கி வீரர்களின் விரைவை எண்ணி, உயர்ந்த ஷெட்டை அமர்த்திவிட்டு, ஐந்தடி ஆறங்குல உயரமே உடைய வொர்ஸ்லியை அவர் இறக்கினார். முதற் பாதியில் பாபி ஜோ ஹில், எதிரணியினர் தட்டிச் சென்ற பந்தை அடுத்தடுத்து இருமுறை பறித்தோடி, இருமுறையும் வளையத்துள் இட்டார். இடைவேளையில் 34-31 என முன்னின்ற அணி, இறுதியில் 72-65 என வென்றது. ஹில் எடுத்தவை 20 புள்ளிகள்.

இவ்வெற்றியின் கணக்கைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். ஆட்டத்தின் ஓட்டத்தில் கென்டக்கி 27 முறை பந்தை வளையத்துள் இட்டது. டெக்சாஸ் வெஸ்டர்ன் இட்டது 22 முறையே. பின்னர் வெற்றி எங்ஙனம் வந்தது? எதிரணியினர் விதி மீறித் தடுக்கும்போது, பாதிக்கப்பட்டவர் தடுப்பாரின்றிப் பந்தை எறியும் வாய்ப்புப் பெறுவர். இதனைத் தனி எறிவு என்பர். அதற்கு ஒரு புள்ளி. கென்டக்கிக்கு 13 எறிவுகள் கிடைத்தன, 11 பலித்தன. டெக்சாஸ் வெஸ்டர்ன் அணிக்கு 34 கிடைத்தன, 28 பலித்தன. தனி எறிவில் விரைவுக்கும் வலிமைக்கும் வேலை இல்லை. ஆயிரக்கணக்கானோர் நோக்க, தனித்து நின்று, மூச்சை அடக்கி எறிதல் வேண்டும். அதற்கு வேண்டுவன அமைதியும் அடக்கமும் நாள்தோறும் செய்த பயிற்சியுமே. கறுப்பின வீரர் ஓடவும் தாவவும் வல்லர், நெருக்கடியில் நிலைகுலைவர் என்று அக்காலத்திற் பலர் கூறினர். அவர்க்கு விடையிறுத்தவை அந்த 28 எறிவுகள்.

வென்றபின் யாவரும் வாழ்த்தினர் என்று எண்ணற்க. எல் பாசோ மக்கள் விமான நிலையத்தில் திரண்டு வரவேற்றனர். ஆயின், ஹாஸ்கின்ஸுக்கு வசை மடல்களும் குவிந்தன. தாம் நிறத்தை எண்ணவில்லை என்றும், வெல்ல வல்லாரையே நிறுத்தியதாகவும் அவர் பின்னாளிற் பலமுறை கூறினார். அவர் எண்ணாததை நாடு எண்ணியது. தென்னாட்டுக் கல்லூரிகளின் வாயில்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கென்டக்கி அணியிலும் 1970ஆம் ஆண்டு ஒரு கறுப்பின வீரர் ஆடத் தொடங்கினார். டெக்சாஸ் வெஸ்டர்ன் கல்லூரி 1967ஆம் ஆண்டு முதல் எல் பாசோ டெக்சாஸ் பல்கலைக்கழகம் எனப் பெயர் பெற்றது. நெய்ஸ்மித்தின் பெயரால் ஸ்பிரிங்பீல்டில் அமைந்த புகழ்க்கூடம், 2007ஆம் ஆண்டு அவ்வணி முழுவதையும் ஏற்றுச் சிறப்பித்தது. பாபி ஜோ ஹில் அதனைக் காண இலர். அவர் 2002ஆம் ஆண்டு மறைந்தார்.

மாணவர்களே! விதி ஒன்றாக இருத்தல் மட்டும் நீதியாகாது. அவ்விதியின் கீழ் ஆடுதற்கு எல்லாரும் உள்ளே விடப்படுதலும் வேண்டும். உள்ளே செல்ல இயலாதவன் திறமை உடையவனா இல்லாதவனா என்பதை யாரே அறிவர்? நாளை நீங்கள் ஓர் அணிக்குத் தலைவராகலாம். ஒரு பட்டறையில் ஆள் தேர்வோராகலாம். ஒரு பள்ளியில் ஆசிரியராகலாம். அப்பொழுது வாயிலில் நிற்பவர் நீங்களே. வந்தவனின் தெருவையும் தோற்றத்தையும் வினவாது, பந்தை அவன் கையிற் கொடுத்துப் பாருங்கள். இன்று வாயிலுக்கு வெளியே நிற்பவராயின், தனி எறிவை நாள்தோறும் பழகி வாருங்கள். வாயில் திறக்கும் நாளில் கை நடுங்கலாகாது.