பழைய வெஸ்பாவைத் தொடுகிற பிள்ளைகளுக்கு

திருகோணமலையில் பழைய ஸ்கூட்டருக்கு இப்போது மவுசு வந்திருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. திரும்பவும் கதவு திறக்க 2025 ஆகிவிட்டது. அந்த இடைவெளியில், மாட்டுக் கொட்டிலிலும் பத்திக்குள்ளும் கிடந்த வெஸ்பாக்களை எல்லாம் ஆட்கள் தேடத் தொடங்கினார்கள். ஒன்றைக் கண்டுபிடித்துத் தள்ளிக்கொண்டு வருகிற தம்பிமாரும் தங்கச்சிமாரும் என்னிடம் முதலில் கேட்பது, "ஐயா, என்ன கலர் அடிக்கலாம்?" என்றுதான். அது கடைசிக் கேள்வி. அதற்கு முன்னால் செய்யவேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன். இந்த வேலையில் பாதி, வரிசை தெரிவதுதான்.

1. முதலில் புத்தகம், பிறகு இரும்பு.

பதிவுப் புத்தகம் இல்லாத வண்டிக்குக் காசு கொடுக்காதீர்கள். வலப்பக்க மூடியைக் கழற்றி, உடம்பில் குத்தியிருக்கிற சேசிஸ் இலக்கத்தைப் பாருங்கள். எஞ்சின் இலக்கம் எஞ்சினின் கையில் இருக்கும். அறுபதுகளின் வெஸ்பா 150 என்றால் உடம்பில் VBB1T என்பது போலவும், எஞ்சினில் VBB1M என்பது போலவும் முன்னெழுத்து இருக்கும். T உடம்புக்கு, M எஞ்சினுக்கு. இரண்டும் புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும். சிறீ இலக்கத் தட்டுக் காலத்து வண்டிகள் பல கை மாறி வந்தவை. கடைசியாகப் பெயர் மாற்றியவர் யார், அவர் இப்போது எங்கே என்று கேளுங்கள். 2022 இல் எரிபொருள் அட்டைக்குப் பதியும்போது சேசிஸ் இலக்கம் கேட்டார்கள். கடதாசி சரியில்லாத வண்டி ஓடினாலும் ஓடாத வண்டிதான் என்று அன்றைக்குப் பலருக்கு விளங்கியது. துருவைத் தேய்க்கும்போது அந்த இலக்கத்தின் மேல் கிரைண்டர் படவே கூடாது. தேய்ந்த இலக்கத்தோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போனால் நீங்கள்தான் சந்தேக நபர்.

2. கையில் இருப்பது எது என்று அறியுங்கள்.

வெஸ்பாவை 1946 இல் இத்தாலியின் பொன்தெதேராவில் பியாஜியோ கொம்பனி வெளியிட்டது. வடிவமைத்த கொர்ராதினோ தஸ்கானியோ ஆகாய விமானப் பொறியியலாளர். தகட்டை அழுத்தி உடம்பையே சட்டமாக்கியதும், விமானத்தின் இறங்கு சக்கரம் போல முன்சில்லை ஒரு பக்கத்தில் மட்டும் பிடித்ததும், சங்கிலியே இல்லாமல் எஞ்சினைப் பின்சில்லோடு நேரே சேர்த்ததும் அந்தக் கையின் வேலை. லம்பிரெட்டாவை அடுத்த வருடம் மிலானில் இன்னொசெந்தி செய்தது. அது குழாய்ச் சட்டத்தில் கட்டியது. பிறகு இரண்டும் இந்தியாவுக்கு வந்தன. பஜாஜ் பியாஜியோவின் அனுமதியோடு வெஸ்பா செய்தது. அந்த ஒப்பந்தம் முடிந்தபின் 1972 இல் சேட்டக் என்ற பெயரில் தன் வண்டியை இறக்கியது. எண்பதுகளில் கான்பூரின் எல்.எம்.எல். வெஸ்பா செய்தது. லம்பிரெட்டாவின் இயந்திரங்கள் லக்னோவுக்குப் போய் விஜய் சூப்பராகின.

ஆகவே உங்கள் கையில் சேட்டக் இருந்தால் வெட்கப்படாதீர்கள். அதுவும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான், சாமானும் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் சேட்டக்குக்கு வெஸ்பா எழுத்தை ஒட்டி இத்தாலி வண்டி என்று விற்காதீர்கள்.

3. காந்தம் ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும்.

பளபளப்பைக் கண்டு மயங்க வேண்டாம். 2000 களில் வியட்நாமில் இருந்து மினுக்கி எடுத்த வெஸ்பாக்கள் மேற்கு நாடுகளுக்கு நிறையப் போயின. அவற்றில் பல, இரண்டு மூன்று வண்டிகளை வெட்டி ஒட்டி, மேலே பட்டி பூசி மறைத்தவை என்று வாங்கியவர்கள் பிறகுதான் கண்டார்கள். பட்டி தடிப்பாக இருக்கிற இடத்தில் காந்தம் பிடிக்காது. கால் வைக்கிற தட்டு, நடு ஸ்டாண்ட் பிடித்திருக்கிற இடம், தட்டும் முன்கவசமும் சந்திக்கிற வளைவு, பெற்றோல் தாங்கிக்கு அடியில் இருக்கிற குழி ஆகிய இடங்களில் வைத்துப் பாருங்கள். 2004 டிசம்பர் 26 இல் கடல் எங்கள் கரையோரத்தில் எவ்வளவு தூரம் உள்ளே வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். வண்டி அன்றைக்கு எங்கே நின்றது என்று விற்பவரிடம் கேளுங்கள். ஹெட்லைட்டைக் கழற்றினால் உள்ளே கடல் மணல் பதில் சொல்லும்.

4. இந்த ஊரில் எதிரி வயதல்ல, உப்பு.

கண்டியில் கிடந்த இரும்பும் திருக்கடலூரில் கிடந்த இரும்பும் ஒன்றல்ல. காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையும். டச்சுக் குடாப் பக்கம் மாலைக் காற்றில் அது அன்றாடம் நடக்கிறது. துருவின் குழிகளுக்குள் இருக்கிற உப்பைக் கழுவாமல் எமரித்தாள் போட்டால், நீங்கள் உப்பைத்தான் உள்ளே தேய்த்து இறக்குகிறீர்கள். அதன் மேல் பெயின்ற் அடிப்பது ஈரச் சுவரில் சுண்ணாம்பு பூசுவது போல. அடுத்த மாரிக்குள் கொப்புளம் போடும். முதல் வேலை, நல்ல தண்ணீரால் திரும்பத் திரும்பக் கழுவுவது. கரையோரக் கிணற்று நீர் உவராக இருந்தால் அது உதவாது. குழாய்த் தண்ணீர் அல்லது பிடித்து வைத்த மழைநீர் நல்லது. கழுவி, வெயிலில் காயவைத்து, தேய்த்து, மறுபடி கழுவுங்கள். தட்டின் மேல் ஓடுகிற ரப்பர்ப் பட்டிகளை முழுதாகக் கழற்றுங்கள். அவற்றின் துளைகளுக்குள்தான் உப்புத் தண்ணீர் வருடக்கணக்காகக் குடியிருக்கும்.

5. காற்றைப் பார்த்து வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி கார்த்திகையில் வாடைக்காற்றோடு மாரி வந்தால், உடம்பு வேலையைத் தூக்கி வைத்துவிட்டு எஞ்சினை மேசைக்கு ஏற்றுங்கள். அந்த ஈரத்தில் அடிக்கிற பெயின்ற் வெளிறிப் பால் பூத்துப் போகும். வைகாசி தொடங்கிக் கச்சான் காற்று வீசினால் புழுதி. அந்த நாளில் வெட்டலாம், தட்டலாம், ஒட்டலாம். பெயின்ற் அடிக்க முடியாது. இரண்டுக்கும் நடுவே, மாசி முதல் சித்திரை வரை காற்று அடங்கி வெயில் சீராக இருக்கிற காலம்தான் பெயின்ற்றுக்கு உரியது. வருடம் முழுக்க எல்லா வேலையும் செய்யலாம் என்று நினைப்பவர் வேலையை இரண்டு தரம் செய்வார்.

6. கழற்றுவதற்கு முன் படம் எடுங்கள், நூல் கட்டுங்கள்.

போன் இருக்கிறது, ஒவ்வொரு மூட்டையும் நாலு பக்கமும் படம் பிடியுங்கள். ஒவ்வொரு பகுதியின் போல்ற் நட்டுக்கும் தனித்தனிப் பால்மா ரின். மேலே பெயர் எழுதி ஒட்டுங்கள். உடம்புக்குள்ளால் ஓடுகிற கியர், கிளச், பிரேக் கேபிள்களையும் வயரையும் வெறுமனே இழுத்து வெளியே எடுத்துவிட்டால், புதியதை உள்ளே விடுவதற்குள் பொழுது போய்விடும். பழையதன் நுனியில் உறுதியான நைலோன் நூலைக் கட்டி இழுங்கள். நூல் உள்ளே நிற்கட்டும். புதியதை அந்த நூலில் கட்டி இழுத்தால் வழி தவறாது.

7. பதினொன்று இல்லாமல் தொடங்காதீர்கள்.

இங்குள்ள ஸ்பானர் பெட்டிகள் எல்லாம் ஜப்பான் மோட்டார் சைக்கிளுக்குச் சேர்த்தவை: 10, 12, 14. வெஸ்பாவுக்கு அதிகம் வேண்டியது 11, அதோடு 13. சிலிண்டர் தலையைப் பிடிக்கிற நட்டே 11 தான். 12 ஐப் போட்டுத் திருகினால் நட்டின் மூலை உருண்டுவிடும். கடல்காற்றில் அலுமினியமும் இரும்பும் ஒட்டிக்கொண்ட இடத்தில் பலம் காட்டினால் ஸ்டட் முறியும். துருக்கழற்றி எண்ணெய் விட்டு ஒரு இரவு பொறுங்கள். பிறகு எண்ணெயைத் துடைத்து, சுற்றியுள்ள அலுமினியத்துக்கு அளவாகச் சூடு காட்டுங்கள். அலுமினியம் இரும்பைவிடக் கூட விரியும், பிடி தானாகத் தளரும். திரும்பப் பூட்டும்போது மரைக்குக் கிரீஸ் பூச மறக்க வேண்டாம்.

8. உயிருக்கு ஆபத்தான இடம் மூன்று.

ஒன்று, சில்லு. வெஸ்பாவின் ரிம் இரண்டு பாதி. ட்ரம்மோடு பிடிக்கிற நட்டுகள் வேறு, இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடிக்கிற நட்டுகள் வேறு. ரியூப்பில் காற்று இருக்கும்போது இரண்டாவதைக் கழற்றினால் ரிம் வெடித்துப் பறக்கும். வால்வைக் கழற்றிக் காற்றை முழுதாக இறக்காமல் ஸ்பானரைத் தொடக்கூடாது.

இரண்டு, பெற்றோல் தாங்கி. வெறுமையான தாங்கிதான் நிறைந்ததைவிட ஆபத்து. ஆவி உள்ளே நிற்கும். ஓட்டையை ஒட்டுவதற்கு வீட்டில் நெருப்புக் காட்டாதீர்கள்.

மூன்று, பழைய பிரேக் கட்டைகளின் தூசு. அந்தக் காலத்துக் கட்டைகளில் அஸ்பெஸ்டஸ் இருக்கும். ஊதக் கூடாது, ஈரத்துணியால் துடையுங்கள்.

9. தட்டை வெட்டுவதற்கு முன் அளவெடுங்கள்.

இந்த வண்டியில் உடம்புதான் சட்டம். தட்டு முழுவதையும் ஒரே நாளில் வெட்டி எறிந்தால் முன்பக்கமும் பின்பக்கமும் தத்தம் வழியில் திரும்பும்; பிறகு கையை விட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். முதலில் குறுக்கே ஒரு இரும்புக் கோலை ஒட்டி உடம்பை நிலைநிறுத்துங்கள். நல்ல தகடு மிஞ்சி இருந்தால் அழுகிய துண்டை மட்டும் வெட்டி ஒட்டுங்கள்.

10. எஞ்சினில் ஒயில் சீலை மாற்றாமல் மூடாதீர்கள்.

டூ ஸ்ரோக் எஞ்சின் கீழ்ப்பெட்டியின் காற்றழுத்தத்தால் மூச்சு விடுகிறது. வருடக்கணக்காகக் கிடந்த வண்டியில் சீல்களின் ரப்பர் காய்ந்து கல்லாகியிருக்கும். கிளச் பக்கச் சீல் விட்டால் கியர் ஒயிலை உறிஞ்சி எரிக்கும்: புகை மண்டும், கியர் ஒயில் குறையும். பிளைவீல் பக்கச் சீல் விட்டால் வெளிக்காற்றை இழுக்கும்: ஆக்சிலேற்றரைத் தொடாமலே எஞ்சின் ஏறி ஓடும், சூடேறிப் பிஸ்டன் இறுகும். பலர் காபரேற்றரைக் குறை சொல்லித் திருகிக்கொண்டே இருப்பது இந்த நோய்க்குத்தான்.

1958 க்குப் பிறகு வந்த 150 கள் பெரும்பாலானவற்றில் கிராங்கே வால்வு. அது உரசி ஓடுகிற மாதிரி நெருங்கி நிற்கிற அலுமினியப் பரப்பில் ஒரு மணல் துகள் கீறினாலும் சரிசெய்வது கடினம். பெட்டியின் இரண்டு பாதியையும் பிரிக்கும்போது அந்த இடத்தில் ஸ்குரூ டிரைவரை நுழைக்காதீர்கள். இரண்டு பாதியும் சோடியாகக் கடைந்தவை. வேறு எஞ்சினின் பாதியோடு கலக்கவும் வேண்டாம். சிலிண்டர் தேய்ந்திருந்தால் லேத் பட்டறைக்குக் கொடுங்கள். ஆனால் பிஸ்டனை முதலில் வாங்கி, அதைக் கையில் கொண்டுபோய், அதற்கேற்பக் கடையச் சொல்லுங்கள். வடக்கில் இருந்து வந்த வண்டியென்றால் இன்னொன்றையும் பாருங்கள். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. அப்படி ஓடிய எஞ்சினின் சைலன்சரும் சிலிண்டர் வாயும் கரி அடைத்திருக்கும்.

11. ஒயிலைக் கண்ணால் அளக்காதீர்கள்.

கிராங்க் வால்வு எஞ்சினுக்கு 2 சதவீதம்: லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். அதற்கு முந்திய பழைய வகைக்கு 5 சதவீதம்: 50 மில்லிலீற்றர். எது உங்களுடையது என்று அறிந்து, மருந்துக் கடையில் அளவுக் குவளை ஒன்று வாங்கி வையுங்கள். கூட விட்டால் நல்லது என்பது பிழை. பிளக் நனையும், கரி கட்டும், ஒயிலின் அளவுக்குப் பெற்றோலும் குறையும். கியர்ப்பெட்டிக்கு 250 மில்லிலீற்றர், எஸ்.ஏ.ஈ. 30. பொயின்ற் இடைவெளி 0.4 மில்லிமீற்றர் அளவில், பிளக் 0.6. பீலர் கேஜ் விலை பெரிதல்ல.

12. பழைய சாமானைக் கையில் கொண்டு கடைக்குப் போங்கள்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்காதது குறைவு, ஆனால் பெயர் சொல்லி வாங்கினால் ஏமாறுவீர்கள். சேட்டக் சாமான் வெஸ்பாவுக்குப் பொருந்தும் என்பார்கள். சிலது பொருந்தும், சிலது மரையிலே நிற்கும். பழைய வெஸ்பா பலவற்றுக்கு 8 அங்குலச் சில்லு, சேட்டக்குக்கு 10. பல பழையவை 6 வோல்ற், பிந்தியவை 12. புதியதைப் பழையதன் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தபின் காசு கொடுங்கள். இத்தாலியில் செய்த பழைய துண்டு தேயாமல் இருந்தால், துருப்பிடித்த தோற்றத்துக்காக அதை எறிய வேண்டாம். புதுப் போலியைவிட அதன் இரும்பு நல்லது.

13. இப்போது பெயின்ற்.

எஞ்சினைப் பூட்டி, பெயின்ற் இல்லாமலே வண்டியை ஓட்டிப் பாருங்கள். கியர் விழுகிறதா, பிரேக் பிடிக்கிறதா, புதிதாக ஏதும் ஒட்ட வேண்டியிருக்கிறதா என்று தெரிந்தபின் மறுபடி கழற்றுங்கள். இரண்டு தரம் பூட்டுவது வீண் வேலை அல்ல. பெயின்ற் அடித்தபின் வெல்டிங் வைப்பதுதான் வீண் வேலை. வெறும் தகடு வெளிவந்த அன்றே எப்பொக்சி பிரைமர் அடிக்க வேண்டும். ஒரு இரவு விட்டால் இந்த ஊரில் தகடு சிவக்கும். ஹார்டனர் கலக்கிற பெயின்ற் மூச்சுக்குழாயைக் கெடுக்கும். துணி கட்டினால் போதாது, அதற்குரிய முகமூடி வேண்டும், வீட்டுக்குள் அடிக்கவும் கூடாது. வெளிப்பக்கம் முடிந்ததும், கண்ணுக்குத் தெரியாத உட்குழிகளுக்குள் மெழுகு கலந்த துருத்தடுப்பு எண்ணெய் விடுங்கள். பழைய பெயின்ற் பாதிக்குமேல் நன்றாக இருந்தால் அதையே துடைத்து விட்டுவிடலாம். நிறம் உங்கள் விருப்பம். அதில் எனக்குப் பேச்சில்லை.

14. காட்சிக்கு வைக்காதீர்கள், ஓட்டுங்கள்.

நிற்கிற வண்டியின் சீல் காயும், காபரேற்றரில் பெற்றோல் பிசினாகும், தாங்கி உள்ளே துருப்பிடிக்கும். முதல் சில நூறு கிலோமீற்றர் எஞ்சினை அதட்டாமல், கன்னியா வெந்நீரூற்றுப் பக்கமாக உள்நாட்டு வீதியில் பழக்குங்கள். உவர்மலை ஏற்றத்தில் இரண்டாம் கியரில் இழுக்கிறதா என்று அதன் பிறகு பாருங்கள். நிலாவெளிக் கடற்கரைக்குப் போய் வந்த நாளில், படுக்கைக்குப் போகுமுன் நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். என்ன மாற்றினீர்கள், எந்த அளவு, எந்த மாதம் என்று ஒரு கொப்பியில் எழுதி, பதிவுப் புத்தகத்தோடு வையுங்கள். வண்டி உங்களோடு முடியப்போவதில்லை. அடுத்த கைக்குப் போகும்போது, அந்தக் கொப்பி இருக்கிற வண்டிக்கு நான் கூட விலை பேசாமல் காசு எடுப்பேன்.