நேர்கோட்டுச் சமன்பாட்டில் சாய்வு எங்கே?

கேள்வி: 3எக்ஸ் + 4ஒய் = 12 என்னும் கோட்டின் சாய்வு 3 அன்று என்பது ஏன்?

பதில்: சாய்வு என்பது கோட்டின் வழியே வலப்புறம் ஓர் அலகு நகரும்போது உயரம் எவ்வளவு மாறுகிறது என்பதைக் குறிக்கும் அளவாதலால், ஒய் தனித்து நிற்கும் வடிவத்தில் மட்டுமே எக்ஸின் கெழு, அதாவது எக்ஸைப் பெருக்கி நிற்கும் எண், சாய்வாக அமையும். இச்சமன்பாட்டில் 3எக்ஸை வலப்புறம் மாற்றி, இருபுறமும் 4ஆல் வகுத்தால் ஒய் = −(3/4)எக்ஸ் + 3 எனக் கிடைப்பதால், சாய்வு −3/4 ஆகும்; கோடு (0, 3) என்னும் புள்ளியிலிருந்து (4, 0) வரை 4 அலகு வலப்புறம் செல்கையில் 3 அலகு இறங்குவதைக் கொண்டு இதைச் சரிபார்க்கலாம். எக்ஸின் கெழுவை ஒய்யின் கெழுவால் வகுத்துக் குறியை மாற்றும் பாடநூல் சூத்திரம் இவ்வழியின் சுருக்கமே. அதில் எளிதில் விடுபட்டுப்போவது அந்தக் கழித்தல் குறிதான். ஒய் இடம்பெறாத எக்ஸ் = 5 போன்ற செங்குத்துக் கோட்டிலோ, பூச்சியத்தால் வகுக்க நேர்வதால் சாய்வு வரையறுக்கப்படுவதில்லை.