பதிவேடும் துடைப்பமும்

தில்லியின் புசா ரோடு தன் பெயரைப் பீகாரிலிருந்து பெற்றது. 1934 இல் நேர்ந்த நிலநடுக்கத்தில் பீகாரின் புசா என்னும் ஊரிலிருந்த வேளாண் ஆராய்ச்சி நிலையம் சிதைந்தது. 1936 இல் அது தில்லிக்கு இடம் மாறிற்று. ஊர்ப்பெயரும் உடன் வந்தது. அந்நிலையத்தில் பெரியதொரு நூலகம் உண்டு. அத்தகைய நூலகம் ஒன்றில், அலமாரியில் காணப்படாத நூல்களின் பட்டியல் அட்டைகளையெல்லாம் ஒரு பணியாளர் கிழித்தெறிவதாகக் கொள்வோம். தொலைந்த நூல்களின் அட்டைகள் ஒழியும், அது நன்மையே. ஆனால் இரவல் போயுள்ள நூல்களின் அட்டைகளும் சேர்ந்தே ஒழியும். நூல் திரும்பி வரும்போது அதன் இடத்தை ஒருவரும் அறியார்.

கணினிப் பதிவேட்டைத் துடைக்கும் மென்பொருள்கள் செய்வதும் ஏறத்தாழ இதுவே.

விண்டோஸ் கணினியில் ‘ரெஜிஸ்ட்ரி’ எனப்படுவது ஒரு பெரும் பதிவேடு. முற்காலத்தில் ஒவ்வொரு மென்பொருளும் தன் அமைப்புகளைத் தனிக் கோப்பில் எழுதி வைத்தது. விண்டோஸ் 95 வந்தபின் அவை பெரும்பாலும் ஒரே பதிவேட்டுக்குள் வந்தன. எந்த அச்சுப்பொறி இணைந்துள்ளது, கணினி தொடங்கும்போது எவை இயங்க வேண்டும், எக்கோப்பை எம்மென்பொருள் திறக்கும் என்பன யாவும் அதில் உள்ளன. ஒரு மென்பொருளை நீக்கிய பின்னும் அதன் பதிவுகள் சில அங்கே தங்கிவிடுவதுண்டு.

இவற்றைத் துடைப்பதில் பயனே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நீக்கப்பட்ட மென்பொருளைக் கணினி ஒவ்வொரு நாளும் தேடி, ‘கோப்பு இல்லை’ என்று முறையிடுமானால், அந்தப் பதிவை அகற்றுவது முறையே. அண்மையில் திறந்த கோப்புகளின் பட்டியலை அழித்தால் பொதுக்கணினியில் அந்தரங்கம் காக்கப்படும். மைக்ரோசாப்ட் நிறுவனமே 1990களில் ‘ரெஜ்கிளீன்’ என்னும் கருவியை வழங்கியது. பின்னர் அதை விலக்கிக்கொண்டது. இன்று அந்நிறுவனம் இத்தகைய துடைப்பான்களை ஆதரிப்பதில்லை.

‘கணினி விரைவாகும்’ என்னும் விளம்பரமோ வேறு வகையானது. விண்டோஸ் தனக்கு வேண்டிய பதிவை மட்டும் கிளை கிளையாகச் சென்று எடுக்கிறது. ஏட்டை முதலிலிருந்து இறுதிவரை படிப்பதில்லை. ஆகவே, சில நூறு வெற்றுப் பதிவுகள் குறைவதால் வேகத்தில் வேறுபாடு தெரியாது. மிச்சமாகும் இடமும் மிகச் சிறிதே.

இழப்போ பெரிதாகலாம். வெளி வட்டில் நிறுவிய மென்பொருளின் பதிவை, வட்டு இணைக்கப்படாத நேரத்தில், துடைப்பான் ‘பயனற்றது’ எனக் கருதி நீக்கிவிடக்கூடும். இன்றியமையாத பதிவொன்று போனால் கணினி தொடங்காமலே நின்றுவிடும். விண்டோசை மீண்டும் நிறுவ நேரும்.

அச்சத்தை விற்றவர்களும் உண்டு. 2008 இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில அரசு, ‘ரெஜிஸ்ட்ரி கிளீனர் எக்ஸ்பி’ என்னும் மென்பொருளை விற்றவர்கள்மீது வழக்குத் தொடுத்தது. பதிவேடு சிதைந்துவிட்டதாகத் திரையில் பொய் எச்சரிக்கை தோன்றச் செய்து, 39.95 டாலருக்கு அதை விற்றனர் என்பது குற்றச்சாட்டு. பெயர் பெற்ற மென்பொருளும் பாதுகாப்பன்று. 2017 ஆகஸ்டில் வெளிவந்த ‘சிகிளீனர்’ 5.33 பதிப்பில், உருவாக்கியவர் அறியாமலே ஊடுருவியோர் தீநிரலைப் புகுத்தினர். அப்பதிப்பு ஏறத்தாழ 22.7 லட்சம் பயனர்களைச் சென்றடைந்த பின்பே செய்தி வெளிப்பட்டது.

புசா ரோட்டை அடுத்த கரோல் பாகின் கஃபார் மார்க்கெட்டில் பழுதுபார்ப்போர் பலர் உள்ளனர். பழைய கணினியின் சுழல்வட்டை மாற்றி எஸ்.எஸ்.டி. பொருத்தினால் கிடைக்கும் வேகம் எந்தத் துடைப்பானாலும் கிடைக்காது. செலவு உண்டுதான், ஆனால் பணத்துக்குப் பயன் தெரியும். செலவின்றிச் செய்யத்தக்கது, வேண்டாத மென்பொருள்களை விண்டோசின் அமைப்புப் பக்கம் வழியே நீக்குவதும், தொடக்கத்தில் தாமே இயங்குபவற்றைக் குறைப்பதும் ஆகும். பதிவேட்டில் கை வைத்தே ஆக வேண்டுமெனில், முதலில் அதன் படியை வேறிடத்தில் சேமித்து, மீட்புப் புள்ளி ஒன்றையும் உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

எண்ணி எழுதுக

1. இரவல் போன நூலின் அட்டைக்கு ஒப்பாகக் கணினியில் எது கூறப்பட்டுள்ளது?

2. ‘பெயர் பெற்ற மென்பொருளும் பாதுகாப்பன்று’ என்பதற்குப் பாடம் காட்டும் சான்று யாது?

3. உம் வீட்டுக் கணினி மெதுவாக இயங்குகிறது. துடைப்பானை நிறுவ விரும்பும் அண்ணனுக்கு எட்டு வரிகளில் கடிதம் எழுதுக.